கோமதி சிவப்பு

ஜனவரி 9, வியாழன்

உரக் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் டீ மேக்கருக்கென்று அனுப்புகிற டைரி, அவர் ரிட்டையர் ஆன பிறகும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. அவர் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. இவ்வளவு வழுவழுப்பான தாளை வீணாக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். இதில் பால் கணக்கு எழுத மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

‘அவர்’ என்றால் என் வீட்டுக்காரர் கோமதிநாயகம். எங்களுக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். இவர் வேலையால் கோத்தகிரிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டோம். எஸ்டேட் ஃபாக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கிற டீ மேக்கராக இருந்தார். ஒரு மடக்கு உறிஞ்சித் துப்பிவிட்டு, இது மழையில் நனைந்த இலை, இது வாட்டம் போதாத இலை என்று அடித்துச் சொல்வார். கலரைப் பார்த்தே பாதி சொல்லிவிடுவார். ரிட்டையர் ஆனதும் நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். டிவி எதிர்ப் பக்கம் இருந்தது. ஒரு வருஷம் அப்படி. சொன்னால் சிரிப்பாக இருக்கும், கூட இருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் காய்ப்பு நின்ற பேரிக்காய் மரத்தை வெட்டிப் போட்டார்கள். அந்தக் கட்டையைப் பார்த்ததும் இவருக்கு என்ன தோன்றியதோ, மகள் சுபாவிடம் சொல்லிச் மரம் கடைகிற லேத் ஒன்று சின்னதாக வரவழைத்தார். பின்னால் இருக்கிற ஷெட்டில் உட்கார்ந்து பைப் செய்ய ஆரம்பித்தார். புகை பிடிக்கிற பைப். இவர் ஆயுளில் ஒரு பீடி பிடித்ததில்லை, நாக்கு கெட்டுவிடும் என்று. ஆனாலும் பைப் செய்கிறார். நான் ஏன் என்று கேட்கவில்லை. நாற்காலி திரும்பியதே போதும்.

ஜனவரி 10, வெள்ளி

வாசலில் சுபா மாட்டச் சொன்ன பலகையை எடுக்கச் சொல்லிவிட்டேன். ‘கோமதி பைப்ஸ்’ என்று இருப்பதைப் பார்த்து ஒருவர் காலையில் தண்ணீர்க் குழாய்க்கு அரை இஞ்சு எல்போ இருக்கிறதா என்று கேட்டார். மத்தியானம் ஒரு அம்மா மோட்டார் ரிப்பேருக்குக் கூப்பிட்டாள். இவர் ‘சுங்கான்’ என்று எழுதலாம் என்கிறார். அது என்ன என்று நானே கேட்டேன். புகை பிடிக்கிற பைப்புக்கு அதுதான் தமிழாம். அப்படி எழுதினால் சுங்கச் சாவடி என்று லாரியை நிறுத்துவார்கள் என்றேன். பலகை இப்போது கோழிக்கூண்டுக்குக் கதவாக இருக்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று ஒரு காரியம் செய்துவிட்டேன். செய்தேன் என்று சொல்ல முடியாது, தும்மினேன்.

சாப்பிட்டுவிட்டு அவர் படுத்துவிட்டார். நான் வழக்கம்போல வெற்றிலை போட்டுக்கொண்டு ஷெட்டைக் கூட்டப் போனேன். மரத்தூள் மூக்கில் ஏறியது. வாயைப் பொத்துவதற்குள் வந்துவிட்டது. தட்டில் ஒரே ஒரு பைப் இருந்தது, அவர் ஒரு வாரமாக இழைத்து இழைத்துச் சாயம் போட்டு வைத்த பைப். அதன் கிண்ணம் முழுக்க என் வாய்ச் சிவப்பு.

அவர் போடுகிற சாயம் செருப்புக்குப் போடுகிற சாயம். ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவார். கலர் வரும், ஆனால் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி வரும். அதை நான் அவரிடம் சொன்னதில்லை. அவருக்கே தெரியும் என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

அலறியடித்துக்கொண்டு முந்தானையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மரத்தின் ரேகைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. அட்டைப்பெட்டி போய், நல்ல செம்பருத்திச் சிவப்பு, அதற்கடியில் கருப்பு. பயந்துபோய் ஸ்பிரிட்டால் ஒரு தடவை துடைத்தேன். இன்னும் அழகாகிவிட்டது. மெழுகு போட்டுத் தேய்த்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

சாயந்தரம் அவர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு கொல்லைப் பக்கம் எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து, “நல்லா வந்திருக்கு, என்ன?” என்றார்.

“உங்க கைராசி” என்றேன்.

“அப்படித்தான் போல” என்று அந்த பைப்பைத் துண்டில் சுற்றி வைத்தார். ராத்திரி கூடுதலாக ஒரு தோசை கேட்டார். அவர் கேட்டுச் சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று!

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆராய்ச்சி முடிந்தது. வெற்றிலை, களிப்பாக்கு, சுண்ணாம்பு, கொஞ்சம் காசுக்கட்டி எல்லாவற்றையும் இடித்துப் பிழிந்து பூசிப் பார்த்தேன், அழுக்குப் பச்சை. மிக்ஸியில் அடித்துப் பார்த்தேன், அதே பச்சை. மிக்ஸி மூடிமட்டும் சிவந்துவிட்டது. பீட்ரூட் என்று சொல்லியிருக்கிறேன். வாயில் போட்டு மென்றால்தான் அந்தச் சிவப்பு வருகிறது. அதுவும் அப்போதே பூசிவிட வேண்டும். கொஞ்ச நேரம் வைத்தால் கருத்துப் போகிறது.

எச்சில் ஆயிற்றே என்று எனக்கும் உறுத்தாமல் இல்லை. ஆனால் அதன்மேல் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறேன், மெழுகு போட்டுச் சூடு பறக்கத் தேய்க்கிறேன். இத்தனைக்கும் பிறகு ஒரு கிருமி உயிரோடு இருந்தால் அதற்கு மாலை போட்டு வரவேற்க வேண்டியதுதான். போதாக்குறைக்கு இவர்கள் அதில் வைத்துப் புகையிலையைக் கொளுத்தப் போகிறார்கள். என் வெற்றிலையாலா உடம்பு கெடப்போகிறது?

ஏற்பாடு ஒழுங்காக நடக்கிறது. அவர் காலையில் தன் சாயத்தைப் போட்டு, தட்டில் வைத்துவிட்டுச் சாப்பிட்டுப் படுக்கிறார். குறட்டை கேட்டதும் நான் ஷெட்டுக்குப் போகிறேன். முன்பெல்லாம் இவர் குறட்டை விடமாட்டார். வயசாகிறது, பாவம்.

பிப்ரவரி 14, வெள்ளி

மரம் தேய்க்கிற உப்புத்தாள் வாங்க மேட்டுப்பாளையம் போனவர், யாரிடமோ சொல்லிவைத்து ஒரு கவுளி ஆத்தூர் வெற்றிலை வாங்கி வந்திருக்கிறார். “இங்க கெடைக்கிறது சக்கை. இதப் போட்டுப் பாரு” என்றார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கென்று ஒரு பாக்கு வாங்கித் தந்ததில்லை. மனுஷன் கனிந்துகொண்டு வருகிறார். இந்த வெற்றிலைக்குக் கலர் இன்னும் எடுப்பாக வருகிறது என்பது அவருக்கு எங்கே தெரியப்போகிறது.

மார்ச் 3, திங்கள்

சுபா சென்னையிலிருந்து போன் செய்தாள். அவள்தான் பைப்பைப் படம் எடுத்துப் போட்டு விற்றுத் தருகிறாள். “அம்மா, அப்பா கலருக்கு ஆளாளுக்குப் பைத்தியமா இருக்காங்க. நான் பேரே வெச்சிட்டேன், கோமதி சிவப்புன்னு. எப்படி?”

“நல்லாருக்கு” என்றேன்.

“ஒருத்தர் எழுதியிருக்கார் பாரு, இந்த மனிதரின் விரல்களில் ஏதோ மாயம் இருக்கிறதுன்னு.”

விரல்களிலாம்.

இவர் போனை வாங்கி, “அந்தப் பேரு வேண்டாம்ட்டி, வேற எதாவது வை” என்றார். தன்னடக்கம். அவள் கேட்கவில்லை.

எனக்கு இதில் ஒன்றுமில்லை. அவர் பேர் வந்தால் என் பேர் வந்த மாதிரிதான். இந்த மனுஷன் திரும்ப அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடக் கூடாது, எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ராத்திரி மோரில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. கத்தரிக்காய் தீய்ந்துவிட்டது. வெயில் ஆரம்பித்துவிட்டால் எனக்கு இப்படித்தான்.

மார்ச் 4, செவ்வாய்

விரல்களில் மாயமாம்.

மார்ச் 16, ஞாயிறு

குன்னூரிலிருந்து திருநாவுக்கரசு என்று ஒருவர் காரில் வந்தார். நகராட்சியில் சுகாதார அதிகாரியாக இருந்து ரிட்டையர் ஆனவர். பைப் பிடிக்கிறவர்கள் சேர்ந்து அங்கே ஒரு சங்கம் வைத்திருக்கிறார்களாம், அதற்கு இவர்தான் செயலாளர். போன மாதம் சுபா மூலமாக ஒரு பைப் வாங்கியவர், செய்தவரை நேரில் பார்க்க வேண்டும் என்று வந்திருக்கிறார்.

செருப்பைக் கழற்றினார். கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்தார். பையிலிருந்து ஒரு சின்ன பாட்டில் எடுத்துக் கையில் தேய்த்துக்கொண்டார். காபி கொடுத்தேன். டம்ளரை ஒரு முழம் உயரத்தில் தூக்கி, சூடான காபியை அப்படியே தொண்டையில் ஊற்றிக்கொண்டார்.

“நான் எதையும் எச்சில் பண்ணிச் சாப்பிடறதில்லைம்மா. வீட்டிலயும் அப்படித்தான். பாதி வியாதி எச்சில்லதான் வருது” என்றார். சொல்லிக்கொண்டே என் வாயைப் பார்த்தார். பிறகு என்னிடம் பேசாமல் இவரிடம் பேசினார். “சார், தப்பா எடுத்துக்காதீங்க. நல்ல குடும்பமா இருக்கீங்க. வீட்ல இந்த வெற்றிலைப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லக் கூடாதா? சர்வீஸ்ல இருந்தப்ப சுவத்துல துப்பினவனையெல்லாம் பிடிச்சு அபராதம் போட்டிருக்கேன்.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் வீட்டில் உட்கார்ந்து, என் காபியைக் குடித்துவிட்டு, நான் ஏதோ சுவர் மாதிரி என்னைத் தாண்டிப் பேசுகிறார். இவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். இவர், “அவ சுவத்துல துப்ப மாட்டா சார்” என்றார். அவ்வளவுதான். முகத்தில் ஒரு சிரிப்பு வேறு. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. வந்தவர் தன் பைப்பை எடுத்தார். ஆளை மயக்குகிற சிவப்பு, போன மாதம் ஆத்தூர் வெற்றிலையில் நான் போட்டது. “மரத்துக்குப் பளபளப்பு குறையாம இருக்க ஒரு வழி இருக்கு தெரியுமா சார்? நம்ம மூக்கில இருக்கிற எண்ணெய்தான் அதுக்கு மருந்து” என்று சொல்லி, அந்தக் கிண்ணத்தை மூக்கின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பிறகு இரண்டு கன்னத்திலும் வைத்துத் தேய்தேயென்று தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தார்.

நான் எழுந்து சமையலறைக்குப் போய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அரிசி டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் இவர் வந்து எட்டிப் பார்த்தார். “என்னட்டி, இருமலா?” என்றார். தலையாட்டினேன். அவரும் என்னவோ அவசரமாகக் கொல்லைப் பக்கம் போனார். அங்கே அவருக்கும் இருமல்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்றோடு சிரிப்பு தீர்ந்தது. நாவுக்கரசு போன் செய்தார். மே மாதம் சீசனுக்குக் குன்னூரில் அவர்கள் சங்கம் ஒரு கண்காட்சி வைக்கிறதாம். இவர் மேடையில் உட்கார்ந்து எல்லோர் முன்னாலும் ஒரு பைப்புக்குச் சாயம் போட்டுக் காட்ட வேண்டுமாம். அந்த ரகசியத்தைக் கண்ணால் பார்க்க ஊட்டியிலிருந்தெல்லாம் வருகிறார்களாம்.

முடியாது என்று சொல்லுங்கள் என்று கையால் சைகை காட்டினேன். இவர் என்னைப் பார்த்துக்கொண்டே, “சரி சார், போட்டுக் காட்டிருவோம்” என்றார். காட்டிருவோமாம்! ஃபாக்டரி ஆபீசர் பேச்சு இன்னும் போகவில்லை.

அவ்வளவு பேர் முன்னால் இவர் அந்தச் செருப்புச் சாயத்தைப் பூசுவார். அட்டைப்பெட்டி வரும். திரும்பப் பூசுவார். திரும்ப அட்டைப்பெட்டி. வீட்டுக்கு வந்து நாற்காலியைத் திருப்பிப் போடுவார். எனக்கு இப்போதே கண்ணில் தெரிகிறது. விளையாட்டாகச் செய்தது, இந்த மனுஷனை மேடையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். நல்ல நாளில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, இலை எடுத்ததும், “ஏங்க, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்” என்று ஆரம்பித்தேன்.

“இரு இரு, மோட்டார் ஓடுது, டேங்க் வழியப் போகுது” என்று எழுந்து ஓடினார். காலையிலிருந்து கரண்ட் இல்லை. காதும் மந்தமாகிறது போல.

ஏப்ரல் 27, ஞாயிறு

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். கூடமாட உதவிக்கு நானும் மேடைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இவர் தன் சாயத்தைப் பூசுவார். காய வைக்கிறேன் என்று நான் அதைத் திரைக்குப் பின்னால் எடுத்துக்கொண்டு போவேன். வாயில் தயாராக இருக்கும். ஒரு பூச்சு, ஒரு துடைப்பு, கொண்டுவந்து கொடுத்துவிடுவேன். மெழுகை இவர் எல்லோர் முன்னாலும் போட்டுக்கொள்ளட்டும். கைதட்டலும் இவரே வாங்கிக்கொள்ளட்டும்.

“நீயும் வாரியா? நல்லதாப் போச்சு” என்றார். ரொம்ப சந்தோஷப்பட்டார். எந்தச் சேலை கட்டப்போகிறாய் என்று வேறு கேட்டார்.

மே 9, வெள்ளி

பச்சைப் பட்டு.

மே 10, சனி

இதை முழுக்க எழுத வேண்டும்.

ஹால் வாசலிலேயே ஒரு பெரிய பலகை: ‘வெற்றிலை, பாக்கு உள்ளே கொண்டுவரக் கூடாது.’ உள்ளே நூறு பேர் வாயில் பைப்பை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், வெற்றிலைதான் சுகாதாரக் கேடாம். வாசலில் நிற்கிறவர் பையைத் திறந்து பார்த்தார். எலுமிச்சம் சாதத் தூக்கைத் திறந்து பார்த்தார். வெற்றிலை எங்கே இருந்தது என்று ஒரு டைரியில் எழுதத் தேவையில்லை. பச்சைப் பட்டுக்கு ரவிக்கை கொஞ்சம் தாராளம்.

இவர் முறை வருவதற்கு முன் பெண்கள் கழிவறைக்குப் போய், வாய் நிறையப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் தலையை ஆட்டினேன். அமைதியான பெண்மணி என்று ஒரு அம்மா என்னைப் பாராட்டினாள்.

மேடையில் ஏறிப் பார்த்தேன். திரையைக் காணோம். எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று நாவுக்கரசு பின்படுதாவைக் கழற்றிவிட்டார். மேஜைமேல் ஒரு காமிரா, பின்சுவரில் இவருடைய கை யானை அளவுக்குத் தெரிகிறது. ஒளிந்துகொள்ள ஒரு தூண்கூட இல்லை.

இவர் சாயத்தைப் பூசினார். துடைத்தார். சுவர் முழுக்க அட்டைப்பெட்டி. முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவர் காதில் ஏதோ சொன்னார். பின்னால் யாரோ சிரித்தார்கள். நாவுக்கரசு தன் பைப்பை மூக்கில் தேய்த்தபடி, “இனிமேதான் ரகசியம் வரும், பொறுங்க” என்றார். எனக்கு மேடையிலேயே அழுகை வந்துவிட்டது. வாய் நிறைய எச்சிலை வைத்துக்கொண்டு அழுவது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்கும் தெரியாது. எப்படியாவது மேஜையைத் தட்டிவிட்டு மயக்கம் போட்டு விழுந்துவிடலாமா என்று பார்த்தேன்.

இவர் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார். மைக்கை எடுத்தார்.

“என் வேலை இம்புட்டுதான். கடைஞ்சது நான், இழைச்சது நான். இந்தா தெரியுதே, இந்தக் கலர்தான் என் கலர். நீங்கள்லாம் பாக்க வந்தது இது இல்ல. அது இவ கலர். சங்கரவடிவு, என் சம்சாரம். வடிவு, இங்க வா.”

நான் நகரவில்லை.

“மேடம், ரகசியத்தை நீங்களே சொல்லுங்க” என்று நாவுக்கரசு இன்னொரு மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டினார்.

“அவ பேச மாட்டா சார்” என்றார் இவர். “வாயில வெத்தல இருக்கு.”

ஹால் முழுக்கச் சிரித்தது. நாவுக்கரசு முகம் சுருங்கியது.

“சிரிக்கதுக்குச் சொல்லல. அந்த வெத்தலதான் கலரு. நீங்க வாங்கின ஒவ்வொரு பைப்புக்கும் அவ வாயில மென்னுதான் கலர் வந்துருக்கு. இடிச்சா வராது, அரைச்சா வராது. எனக்குத் தெரியும், நானும் அவளுக்குத் தெரியாம அரைச்சுப் பாத்துருக்கேன்.”

அவரவர் கையில் இருந்த பைப்பை அவரவர் பார்த்தார்கள். நாவுக்கரசின் பைப் வலது கன்னத்தில் பாதி வழியில் நின்றுபோய்விட்டது.

இவர் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு சின்னக் கிண்ணத்தையும் பிரஷையும் முன்னால் வைத்தார். கிண்ணம் நம் வீட்டுக் கிண்ணம். கொண்டுவந்திருக்கிறார்! அத்தனை பேர் பார்க்க எப்படித் துப்புவது? மரியாதைக்கு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு துப்பினேன். காமிரா அந்தப் பக்கம்தான் இருந்தது. பின்சுவரில் அது எப்படித் தெரிந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்களாம்.

ஆனால் பிரஷைக் கையில் எடுத்ததும் எனக்கு ஹாலும் இல்லை, ஆளும் இல்லை. ஒரு பூச்சு. துணியால் ஒத்தினேன். ஸ்பிரிட். திரும்ப ஒரு பூச்சு. இவர் பக்கத்தில் நின்று நான் கேட்கும் முன்பே துணியை நீட்டினார், மெழுகை நீட்டினார். பின்னால் சுவரில் ரேகைகள் ஒவ்வொன்றாக ஏறி வருவதை நான் பார்க்கவில்லை. எழுந்து போகாதவர்களின் மூச்சில் தெரிந்துகொண்டேன். ஒரு கிழவர் முதலில் தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். என்னைப் பார்த்துத் தட்டினார்கள். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பேர் வேண்டாம், கைதட்டல் வேண்டாம் என்றெல்லாம் இதில் எங்கேயாவது எழுதியிருந்தால் அது சும்மா.

நாவுக்கரசைக் காணோம். கொஞ்சம் கழித்து வந்தார், மூக்கும் கன்னமும் சோப்புப் போட்டுத் தேய்த்ததில் தக்காளிப் பழமாக இருந்தன. பைப்மட்டும் உலர்ந்தபடியே கையில் இருந்தது. அதைக் கழுவவில்லை. கலர் போய்விடும் என்று பயந்திருப்பார். என் முன்னால் வந்து நின்று, இவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

“அம்மா, என் சர்வீஸ்ல இதுக்கு என்ன அபராதம்னு எந்தச் சட்டத்திலயும் இல்லை.”

வாய் காலியாகிவிட்டதால் இந்த முறை நான் பேசினேன். “வேணும்னா அந்த பைப்ப திருப்பிக் குடுத்துருங்க, வேற ஆளுக்குக் குடுத்துக்கிடுதோம்.”

அவர் பைப்பைச் சட்டைப் பைக்குள் போட்டு, மேலே கையை வைத்துக்கொண்டார்.

கோத்தகிரி பஸ்ஸில் சன்னல் பக்கம் எனக்கு விட்டுக்கொடுத்தார். பஸ் குன்னூரைத் தாண்டியது. பிறகு கேட்டேன்.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“மொத நாளே. கொல்லைக்குக் கொண்டுபோய் நாக்குல வச்சுப் பாத்தேன். காசுக்கட்டி கொஞ்சம் கூட, சுண்ணாம்பு கம்மி.”

“சீ! எச்சின்னு தெரியாதா?”

அதற்கு அவர் சொன்ன பதிலை இதில் எழுத முடியாது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப அந்தக் குறட்டை?” என்றேன்.

“தொண்டை வலிக்கும்ட்டி தெனமும்.”

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் கோபம். நான் ராத்திரியெல்லாம் பயந்தது, வருஷப் பிறப்பன்று சொல்ல வந்தது, எல்லாவற்றையும் தெரிந்தே விட்டிருக்கிறார். “பின்ன ஏன் சொல்லல? இத்தனை மாசமா என்னைய கோட்டிக் கிறுக்கி ஆக்கிட்டு?”

அவர் எதிர் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஃபாக்டரியில எல்லாவனும் நான் கூப்பிட்டு வந்தவனுவதான் வடிவு. சீட்டை விட்டு எறங்கின மறுநாள் ஒருத்தன் வரல. ஷெட்டுக்கு நீ ஒருத்திதான் கூப்பிடாம வந்த. தெரியும்னு சொல்லிட்டேன்னு வையி, அப்புறம் நான் கூப்பிடணும், நீ வரணும். அதான் சொல்லல. இன்னைக்குச் சொல்லாட்டி உன் கலருக்கு என் பேரு நிலைச்சிரும். அது திருட்டு.”

நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். டீத் தோட்டத்தில் பார்க்க ஒன்றுமில்லை, இருந்தாலும் பார்த்தேன்.

மே 11, ஞாயிறு

காலையில் சுபாவைக் கூப்பிட்டு, பேரை ‘வடிவுச் சிவப்பு’ என்று மாற்றச் சொல்லிவிட்டார். இரண்டு பேர் பைப்பைத் திருப்பி அனுப்புகிறார்களாம். ஒன்பது பேர் புதிதாகக் கேட்டிருக்கிறார்களாம், எல்லோரும் மேடம் கையால் என்று எழுதியிருக்கிறார்களாம். வாயால் என்று எழுத ஒருவருக்கும் தைரியமில்லை.

சாப்பிட்டார். படுக்கவில்லை. நேரே ஷெட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். நான் வெற்றிலையைத் துடைத்து, நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்துக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையிலேயே இருந்தேன். கூப்பிடாமல் வந்தவள் என்று அவர் சொன்னதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் காபிக்கும் சாவிக்கும் கூப்பிட்டிருக்கிறார். ஒரு வேலைக்கு, நீ இல்லாமல் ஆகாது என்று கூப்பிட்டதில்லை. அது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை.

லேத் ஓடியது. நின்றது. ஸ்டூலை நகர்த்துகிற சத்தம். கனைத்தார். திரும்பவும் கனைத்தார். பிறகு, “வடிவு!” என்றார், தோட்டத்துக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்படி.

நன்றாகத்தான் இருக்கிறது.

இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.